நரிக்கோயிலில் ஏழு அத்திப்பழம்

"பழம் ஏதாவது இருக்கிறதா?" என்று சாலையில் காரை நிறுத்திய யூனிஃபார்ம் ஆள் ஜன்னலருகே குனிந்து கேட்டான்.

"நோ சார்" என்றான் ரூஃபஸ்.

"தோட்டத்துத் தக்காளி? மிளகாய்? செடி?"

"நத்திங் சார்."

அந்த ஆள் பின்சீட்டைப் பார்த்தான். ஒரு குடை, தண்ணீர்க் கேன், மடித்த ஸ்வெட்டர். பிறகு எலிசாவைப் பார்த்தான். அவள் காலடியில் கைப்பை இருந்தது. கைப்பையில் எவர்சில்வர் டப்பா. டப்பாவில் ஏழு அத்திப்பழம். அவள் சிரித்தாள். தினமும் காலையில் கம்பெனி வாசலில் அடையாள அட்டையைக் காட்டும்போது சிரிக்கிற சிரிப்பு அது. அவன் கையை அசைத்தான். கார் நகர்ந்தது.

அது 1981 ஆகஸ்ட் மாதக் கடைசிச் சனிக்கிழமை. கோடை முழுவதும் சான்டா கிளாராவில் ஒரே பேச்சுதான். பழ ஈ. அது பழத்தின் தோலைக் குத்தி உள்ளே முட்டை வைத்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே புழு தின்றுகொண்டிருக்கும். ஹெலிகாப்டர்கள் வந்து வீடுகளின் மேல் மருந்து தெளித்தன. கார்களின் பெயின்ட் கெட்டுப்போகும் என்று எல்லோரும் பழைய படுதாவால் மூடி வைத்தார்கள். வீட்டுக் கதவுகளில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மரத்தில் இருக்கிற பழங்களைப் பறித்துப் பையில் கட்டிவிட வேண்டும். ஒரு பழமும் இந்த மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது. சாலைகளில் கார்களை நிறுத்திக் கேட்டார்கள்.

எலிசாவும் ரூஃபஸும் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்னால் ஓர் அத்திமரம் இருந்தது. ஜூலையில் ஆட்கள் வந்து அதை மொட்டையடித்துவிட்டுப் போனார்கள். கராஜ் கூரைமேல் சாய்ந்து கிடந்த ஒரு கிளை அவர்கள் கண்ணில் படவில்லை. இரண்டு வாரம் கழித்துத் துணி காயப் போடும்போது எலிசா பார்த்தாள். ஏழு காய்கள். அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒளிக்க வேண்டும் என்றும் நினைக்கவில்லை. ஏழும் மெல்லக் கறுத்துத் தொங்கின.

அப்போதுதான் ரூத் கூப்பிட்டாள்.

ரூத் நிஷிதா எலிசாவுக்குப் பக்கத்து ஸ்டூல். இருவருக்கும் ஒரே வேலை. சிலிக்கன் தகடுகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, கீறல், தூசி, கறை இருக்கிறதா என்று சொல்வது. எலிசா அங்கே சேர்ந்து மூன்று வருஷம். ரூத் ஒரு வருஷம் கழித்து வந்தவள். அறுபதை நெருங்குகிற ஜப்பானியக் குடும்பத்துப் பெண். பிறந்தது கலிஃபோர்னியாவில். அவள் சொன்னாள்: "மலைக்கு அந்தப் பக்கம் எங்க அண்ணன் ஃப்ராங்க் பீச் பழத் தோப்பு போட்டிருக்கான். பறிக்கிறதுக்கு முன்னாடி சாமிக்கு முதல் பழம் வைப்போம். அப்பா கட்டின சின்னக் கோயில். வெள்ளாமையைப் பார்த்துக்கிற சாமி. வர்றியா?"

எலிசாவுக்கு அது உடனே புரிந்தது. சொந்த ஊரான நாசரேத்தில் அறுப்பின் பண்டிகைக்கு ஆளாளுக்கு வீட்டில் காய்த்த முதல் காயை, முதல் குலையை, முதல் கோழியைக் கோயிலுக்குக் கொண்டுவந்து பீடத்துக்கு முன் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். கம்பவுண்டராக இருந்த அவள் அப்பாவுக்கு நிலம் கிடையாது. கொல்லையில் ஒரே ஒரு முருங்கை. அந்த முருங்கையின் முதல் கட்டு எந்த வருஷமும் தவறியதில்லை. வெறுங்கையோடு போவது என்பது அந்த வீட்டில் இல்லை.

சனிக்கிழமை காலை அவள் கராஜ் மேல் ஏணி சாத்தி ஏழையும் பறித்தாள். கழுவித் துடைத்தாள். டப்பாவில் காகிதம் விரித்து அடுக்கினாள். மரத்திலிருந்து காருக்கு வருகிற வரை அந்த நோட்டீஸ் ஒரு தடவைகூட அவள் நினைவில் வரவில்லை. விற்கிற பழத்துக்கும் தின்கிற பழத்துக்கும் போட்ட சட்டம் அது. இது காணிக்கை. அந்த ஆள் ஜன்னலருகே குனிந்தபோதுதான் இதுவும் பழம் என்று அவளுக்கு உறைத்தது. வாயைத் திறப்பதற்குள் ரூஃபஸ் சொல்லிவிட்டான். திறந்திருந்தால் அவன் பொய்யன் ஆகியிருப்பான். க்ரீன் கார்டு வந்து எட்டு மாதம். யூனிஃபார்மைப் பார்த்தால் இன்னும் அவனுக்கு உள்ளங்கை வேர்த்தது.

"என்னளா, பேசாம வாற?"

"ஒண்ணுமில்ல."

"நரி செல இருக்குற கோயிலுக்கு நாசரேத்துக்காரி போறா. உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா கல்லறையில இருந்து எந்திரிச்சு வருவாரு."

"கும்புடப் போகல. பாக்கத்தான் போறோம்."

"பாக்கதுக்கும் கும்புடுததுக்கும் ஒரு படிதான். விக்கிரகத்தக் கும்புடாதேங்குற இரண்டாம் கற்பனைய ஒரு தடவ சொல்லிப் பாத்துக்கோ." அவன் சந்தோஷமாக இருந்தான். சனிக்கிழமை, நல்ல ரோடு, காலி ஃப்ரீவே. "அது என்ன டப்பா? அதிரசமா? மாவு அரைச்ச மாதிரித் தெரியலியே."

"போய்ப் பாத்துக்கிடலாம்."

அவள் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். இரண்டு பக்கமும் பாதாம் தோப்பு. தூக்கி எறியலாம் என்றால் எறிய இடமில்லை. எறிகிற இடமெல்லாம் யாரோ ஒருவருடைய மரம். ஏழையும் தின்றுவிடலாம். புழு இருந்தால் வயிற்றில் செத்துவிடும். ஆனால் இவன் கேட்பான். ரூத் வீட்டில் இறங்கியதும் பாத்ரூம் எங்கே என்று கேட்க வேண்டும். கதவைத் தாழ்போட்டு ஏழையும் தின்ன வேண்டும், தோல் காம்பு எல்லாவற்றையும். டப்பாவைக் கழுவித் துடைத்துக் காலி டப்பாவோடு வெளியே வர வேண்டும். எத்தனை நிமிஷம் ஆகும் என்று கணக்குப் போட்டாள். ஒரு பழத்துக்கு அரை நிமிஷம்.

மண்சாலையில் திரும்பியபோதே ரூத் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"பாத்ரூம் எங்கே?" என்றாள் எலிசா.

"கோயிலுக்குப் போயிட்டு வந்து போ. ஃப்ராங்க் அரைமணி நேரமா காத்துக்கிட்டு நிக்கிறான். வெயில் ஏறுது. அடக்க முடியாதுன்னா சொல்லு."

அடக்க முடியாது என்று சொல்ல எலிசாவுக்குக் கூச்சமாக இருந்தது.

ரூஃபஸ் காரைப் பூட்டிவிட்டு வந்தான். எலிசாவின் கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து ரூத்திடம் நீட்டினான். "எலிசா உங்களுக்காகக் காலையிலேயே எழுந்து செய்தது" என்றான் ஆங்கிலத்தில். அவன் எப்போதும் இப்படி. அவளுக்குப் பெருமை சேர்க்க வேண்டுமென்றால் கொஞ்சம் கூட்டிச் சொல்வான்.

"சாமிக்கா!" ரூத் டப்பாவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "இவ ஒரு பீஸை மூணு நிமிஷம் பார்ப்பா. எங்க சூப்பர்வைசருக்கு முடி நரைச்சதே இவளாலதான். இவ கொண்டுவந்தா அது சரியாத்தான் இருக்கும்."

அவர்கள் தோப்புக்குள் நடந்தார்கள். நாற்பது ஏக்கர். கிளைகள் பாரம் தாங்காமல் வளைந்து, கீழே முட்டுக்கொடுத்திருந்தது. பழங்கள் மஞ்சளும் சிவப்புமாக இருந்தன. ஃப்ராங்க் மெலிந்த மனிதர். வைக்கோல் தொப்பி. கைகுலுக்கியபோது கை மரப்பட்டைபோல இருந்தது. திங்கட்கிழமை பறிக்க ஆட்கள் வருகிறார்கள் என்றார். ஒரு கிளையில் தொங்கிய மஞ்சள் அட்டைக் கூட்டைத் திருப்பிக் காட்டினார். உள்ளே பசை. பசையில் இரண்டு கொசு, ஒரு சின்ன வண்டு.

"கவர்மென்ட் ஆளுங்க வாரம் ரெண்டு தடவை வந்து பார்க்கிறாங்க. இதுல ஒரு ஈ, ஒரே ஒரு ஈ ஒட்டியிருந்தா ஒரு பழம்கூட இந்த வேலியத் தாண்டாது. எல்லாத்தையும் குழி வெட்டி மூட வேண்டியதுதான்." அவர் அட்டையைப் பழையபடி திருப்பிவிட்டார். "மலை நடுவுல இருக்கு. அது காப்பாத்துது."

எலிசா ரூத்தின் கையில் இருந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். மூடி இறுக்கமான மூடிதான். அதை நினைத்துக்கொண்டாள்.

கோயில் தோப்பின் தலைமாட்டில், வாய்க்கால் ஓரத்தில் இருந்தது. ஓக் மரத்தடியில் ஆள் உயரத்துக்கு ஒரு வாசல். இரண்டு கம்பம், மேலே குறுக்காக இரண்டு கட்டை, கதவு கிடையாது. சிவப்புப் பெயின்ட். டிராக்டருக்கு வாங்கியதில் மிஞ்சியது என்றார் ஃப்ராங்க். வாசலுக்குப் பின்னால் புறாக்கூடு அளவில் மரத்தால் ஒரு மாடம். இரண்டு பக்கமும் கல்லில் செய்த இரண்டு வெள்ளை நரி. ஒன்றுக்கு ஒரு காது இல்லை.

"சாமி பேர் இனாரி. நரி சாமி இல்லை, சாமியோட ஆள்" என்றாள் ரூத். "ஜப்பானோட சண்டை வந்தப்போ, ஜப்பான் ஆளுங்கன்னு எங்க எல்லாரையும் முகாமுக்குக் கொண்டுபோனாங்க. இந்த மாதிரி சாமான் வச்சிருந்தா சந்தேகப்படுவாங்கன்னு அப்பா நரிங்களச் சாக்குல சுத்திப் பம்புசெட்டுக்குக் கீழ புதைச்சிட்டார். திரும்பி வந்து தோண்டினப்போ கடப்பாரை பட்டுக் காது போச்சு."

"நீங்க சர்ச்சுக்குப் போறதாக எலிசா சொன்னாளே" என்றான் ரூஃபஸ்.

"நான் மெதடிஸ்ட். ஞாயித்துக்கிழமை அங்கே. இது அப்பாவோட வயல்."

ரூஃபஸ் தலையை ஆட்டினான். எலிசாவிடம் தமிழில் மெதுவாக, "நாம ரெண்டு அடி தள்ளியே நிப்போம்" என்றான்.

ஃப்ராங்க் மாடத்துக்கு முன்னால் ஒரு மரத்தட்டு வைத்தார். வெள்ளைக் கிண்ணத்தில் அரிசி, ஒரு சிட்டிகை உப்பு, சிறிய மூடிச் சாடியில் தண்ணீர், ஐந்து பீச். சாடியின் மூடியைத் திறந்து வைத்தார். மூடியிருந்தால் சாமி எப்படி எடுக்கும் என்றார். பிறகு ரூத்திடமிருந்து டப்பாவை வாங்கித் திறந்தார்.

"அத்தி" என்றார். குரலில் சந்தோஷம் இருந்தது. "எவ்வளவு அழகு. எங்கே வாங்கினீங்க?"

ரூஃபஸ் எலிசாவைப் பார்த்தான். அவனுக்கு அந்தக் கணத்தில்தான் தெரிந்தது. அவன் முகம் வெளிறுவதை அவள் பார்த்தாள்.

"கடையில்" என்றான் அவன். "சூப்பர் மார்க்கெட்."

ஃப்ராங்க் டப்பாவைச் சாய்த்துப் பழங்களைத் தட்டில் பீச்சுகளுக்குப் பக்கத்தில் இறக்கினார். ஆறு நின்றது. ஒன்று உருண்டு, தட்டின் விளிம்பைத் தாண்டி, காது இல்லாத நரியின் காலடியில் மோதி, புல்லுக்குள் போயிற்று.

ரூத் சிரித்தாள். "பாத்தியா, அதுக்குப் பொறுக்கலை."

"கிடக்கட்டும்" என்றார் ஃப்ராங்க். "விழுந்தது நரிக்கு."

அவர் தொப்பியைக் கழற்றினார். இரண்டு தடவை குனிந்தார். இரண்டு தடவை கை தட்டினார். ரூத்தும் தட்டினாள். வாய்க்கால் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

எலிசா புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டில் இருக்கிற ஆறும் பரவாயில்லை. சாயங்காலம் எடுத்துத் தின்றுவிடுவார்கள், அல்லது எப்படியாவது அவள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கீழே விழுந்தது அங்கேயே கிடக்கும். உள்ளே புழு இருந்தால் அது வெளியே வந்து மண்ணுக்குள் போகும். டிவியில் படம் போட்டுக் காட்டினார்கள். மண்ணுக்குள் கூடு கட்டும். ஈயாக வெளியே வரும். முதல் மரம் இங்கிருந்து பத்தடி. இப்போது பேசாமல் இருந்தால் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடலாம். யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை பறிப்பார்கள். ஏதாவது நடந்தாலும் எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஃப்ராங்க் கடைசியாக ஒரு தடவை குனிந்தார். அவர் நிமிர்வதற்குள் எலிசா வாசலுக்குள் போய் நரியின் முன்னால் முழங்காலில் விழுந்தாள்.

"எலிசா!" ரூஃபஸ் கத்திவிட்டான். "ஏளா, என்ன செய்யுத? எந்திரி!"

அவள் தலையைத் தரையோடு தாழ்த்திப் புல்லை இரண்டு கையாலும் விலக்கினாள். இவ்வளவு மரியாதையை ரூத்தும் ஃப்ராங்கும் எதிர்பார்க்கவில்லை.

"அதைத் தேடுதேன்" என்றாள் எலிசா தமிழில். பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள். "இது கடைப் பழம் இல்லை. எங்கள் வீட்டு மரம். சான்டா கிளாரா. இன்று காலையில் பறித்தேன்."

ரூத்தின் கை வாய்க்குப் போயிற்று. ஃப்ராங்க் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். பிறகு தட்டில் இருந்த ஆறு பழத்தையும் ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டு மூடினார். மூடி சரியாக அமர்ந்திருக்கிறதா என்று சுற்றி அழுத்திப் பார்த்தார்.

"எல்லாரும் நின்ன இடத்துலயே நில்லுங்க" என்றார்.

அவரும் முழங்காலிட்டார். இரண்டு பேரும் தேடினார்கள். பழம் நரியின் பீடத்துக்கும் மண்ணுக்கும் இடையில் ஒட்டிக் கிடந்தது. அடிப்பக்கம் வெடித்திருந்தது. அதற்குள் எறும்பு வந்திருந்தது. ஃப்ராங்க் கைக்குட்டையில் அதைச் சுருட்டினார். மண்வெட்டி கொண்டுவந்து அந்த இடத்து மண்ணை ஒரு முழ ஆழத்துக்கு வெட்டி வாளியில் போட்டார். நரி சற்றுச் சாய்ந்தது. அதை அவர் நிமிர்த்தவில்லை.

வீட்டு அடுக்களை மேஜையில் செய்தித்தாளை விரித்தார்கள். ஜன்னல்களை ரூத் அடைத்தாள். இலைப்பேன் பார்க்க வைத்திருந்த லென்ஸை ஃப்ராங்க் எடுத்து வந்தார். தன் கண்ணில் வைத்துப் பார்த்தார். லென்ஸை எலிசாவிடம் கொடுத்தார்.

"நீ பாரு. உன் வேலைதானே."

ரூத் பழத்தை நான்காக வெட்டினாள். எலிசா பார்த்தாள். ஒரு பழத்துக்கு இரண்டு நிமிஷம். அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை என்று ரூஃபஸ் அந்த மரத்தைப் பார்த்துச் சொல்வான். அவளுக்கு அந்தப் பழமொழி இப்போது நகராமல் தலைக்குள் நின்றது. பழத்தின் உள்பக்கம் முழுக்க வெளிறிய இழைகள். ஒவ்வோர் இழையும் ஒரு புழுவின் அளவு. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு விதை, தலை மாதிரி. ஒவ்வோர் இழையையும் ஊசியால் தொட்டு, அது பழத்தோடு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது.

முதலாவது. ஒன்றுமில்லை. இரண்டாவது. ஒன்றுமில்லை. ஆறு பழம் முடிய கால்மணி நேரம் ஆயிற்று. ரூத் ஒவ்வொன்றுக்கும் மூச்சு விட்டாள்.

ஏழாவது, கீழே விழுந்து வெடித்திருந்த பழம். உள்ளே மண்ணும் எறும்பும் கலந்திருந்தன. கூழாகியிருந்த இடத்தில் ஓர் இழை பழத்தோடு ஒட்டாமல் கிடந்தது. எலிசா ஊசியால் தொட்டாள். நகர்ந்தது. ஊசிதான் நகர்த்தியதா, அது நகர்ந்ததா, தெரியவில்லை. மறுபடி தொட்டாள். எறும்பு ஒன்று குறுக்கே வந்தது.

"என்ன?" என்றார் ஃப்ராங்க்.

அவள் லென்ஸை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏளா, ஒண்ணுமில்லன்னு சொல்லு" என்றான் ரூஃபஸ், தமிழில், மெதுவாக. "கொதிக்குத தண்ணியில போட்டாச் செத்துப்போகும். மண்ணயும் அள்ளியாச்சு. ஆறுல இல்ல, இதுலயும் இருக்காது. ஒண்ணுமில்லன்னு ஒரு வார்த்த சொல்லு, அந்த மனுஷன் ராத்திரி தூங்கட்டும்."

"தெரியலங்க."

"தெரியலன்னா?"

கம்பெனியில் அவர்கள் முன்னால் மூன்று தட்டு இருக்கும். நல்லது ஒன்றில். கெட்டது ஒன்றில். தெரியாதது மூன்றாவதில். மூன்றாவது தட்டுக்கு ஹோல்ட் என்று பெயர். அதில் நிறையப் போடுகிறவளை யாருக்கும் பிடிக்காது. லைன் நிற்கும். எலிசாவுக்கு அந்தப் பெயர் உண்டு. ஆனால் அவள் நல்லது என்று வைத்த ஒன்றுகூட மூன்று வருஷத்தில் திரும்பி வந்ததில்லை.

அவள் லென்ஸைக் கீழே வைத்தாள். ரூத்தைப் பார்த்து, "ஹோல்ட்" என்றாள்.

ரூத் கண்ணை மூடிக்கொண்டாள். ஃப்ராங்குக்கு அந்த வார்த்தையின் கம்பெனி அர்த்தம் தெரியாது. ரூத் அவரிடம் ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னாள். அவர் திரும்ப ஏதோ கேட்டார். அவள் சொன்னாள். அது சற்று நேரம் போயிற்று. கடைசியில் ரூத் ஆங்கிலத்தில், "யாரும் பார்க்கலை, ஃப்ராங்க். திங்கட்கிழமை ஆள் வருது" என்றாள்.

ஃப்ராங்க் ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தார். பிறகு ஃபோன் இருந்த சுவருக்குப் போனார். பழ ஈ பற்றித் தகவல் சொல்ல வேண்டிய எண் அங்கேயே ஒரு காகிதத்தில் ஒட்டியிருந்தது. எல்லா விவசாயிகளுக்கும் கொடுத்திருந்தது.

அவர் பேசி முடிக்கிற வரை எலிசா நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் சர்ச்சுக்குப் போகவில்லை. ஒன்பது மணிக்கு இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ரூஃபஸின் லைசன்ஸ் எண்ணையும் எலிசாவின் பெயரையும் எழுதிக்கொண்டார்கள். என்ன நடவடிக்கை என்று கடிதம் வரும் என்றார்கள். கராஜ் மேல் இருந்த கிளையை வெட்டிக் கறுப்புப் பையில் கட்டினார்கள். மரத்தில் ஒரு மஞ்சள் அட்டையைத் தொங்கவிட்டார்கள். ரூஃபஸ் அவர்களுக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டான். அவர்கள் போன பிறகு எலிசா சோறு வடித்தாள். ரசம் வைத்தாள். ரூஃபஸ் சாப்பிட்டான்.

இரண்டரை மணிக்கு ரூத் ஃபோன் செய்தாள். ஏழு பழத்தையும் பார்த்துவிட்டார்கள். புழு இல்லை. தனியாகக் கிடந்தது பழத்தின் இழைதான். மண்ணிலும் ஒன்றுமில்லை. ஆனாலும் தோப்பு முழுக்க இன்னும் அறுபது அட்டை கட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்து முடிக்கிற வரை பறிக்கக்கூடாது. வியாழக்கிழமை சொல்வார்கள். மேற்குப் பக்கத்து இருபது ஏக்கர் அதுவரை தாங்காது. கீழே விழுந்துவிடும். பறிக்க வருகிற ஆட்களை ஃப்ராங்க் வேறு தோப்புக்குப் போகச் சொல்லிவிட்டார்.

"என்ன சொன்னார்?" என்று கேட்டாள் எலிசா.

"காலையில போய் நரியை நேரா வச்சான். அரிசி மாத்தினான்."

டப்பாவைக் கொதிக்க வைத்துக் கழுவியிருப்பதாகவும் நாளைக்கு வேலைக்கு வரும்போது கொண்டுவருவதாகவும் ரூத் சொன்னாள்.

திங்கட்கிழமை முதல் ஷிஃப்ட் ஆறு மணிக்கு. எலிசா வெள்ளை மேலங்கியைத் தேய்த்து நாற்காலியில் போட்டாள். அலாரத்தை நாலரைக்கு வைத்தாள்.